மனைச்சாமிக்குச் சர்க்கரை இல்லாத கலர்

தாய்லாந்துக் கடற்கரை ஊரான ஹுவா ஹின்னில் குடியிருக்கும் வெளிநாட்டுக்காரர்களில் ஊரைப் பற்றிக் குறை சொல்லாதவர்கள் இரண்டு வகை. நேற்று வந்து இறங்கியவர்கள் ஒரு வகை, நாளைக்கு மூட்டை கட்டுகிறவர்கள் இன்னொரு வகை. நடுவில் கிடக்கும் நாங்கள் எல்லோரும் காலையில் மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் காப்பிக் கடையின் வட்ட மேசையில் கூடிக் குறை சொல்வோம். வேலை அனுமதி இல்லாமல் ஒரு வெளிநாட்டுக்காரன் இங்கே செய்யக்கூடிய ஒரே வேலை அதுதான் என்பதால் கொஞ்சம் அக்கறையாகவே செய்வோம்.

அந்த மேசைக்குத் தலைவர் ஓட்வார் லீலெபோ. நார்வேக்காரர். பெர்கன் நகரத்தில் ஓட்டல் சமையலறைகளைச் சோதிக்கும் நகராட்சி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தான் உள்ளே நுழைந்தால் சமையல்காரர்கள் எழுந்து நிற்பார்கள் என்று அடிக்கடி சொல்வார். சமையல்காரர்கள் எப்போதுமே நின்றுகொண்டுதானே இருப்பார்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. தலைவர் என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

அவருடைய குறைகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நடைபாதை. நடைபாதை இல்லை என்பதல்ல அவர் புகார். இருக்கிறது, ஆனால் அதில் ஒரு மின்கம்பம், இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு வறுத்த வாழைப்பழக் கடை, தூங்கும் நாய் ஒன்று, எல்லாம் இருக்கின்றன, மனிதனுக்குத்தான் இடமில்லை. அடுத்தது, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லும் குழாய் ரிப்பேர்காரர். அதற்கடுத்தது, தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை, இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன் என்று குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம். கட்டிய மனைவிகூடத் தன்னிடம் அப்படிக் கேட்டதில்லை என்பார். கேட்டிருந்தால் விவாகரத்து வரை போயிருக்காதோ என்னவோ.

கடைசியாக, எப்போதும் கடைசியாக, பக்கத்து வீட்டு விசியன். விசியன் ஆரஞ்சு மேலங்கி போட்ட மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர். சவாரி இல்லாத நேரமெல்லாம் வீட்டு வாசலில் கரோக்கி பெட்டியைப் போட்டுக்கொண்டு மூன்று பாட்டுகளை மாற்றி மாற்றிப் பாடுவார். அந்தப் பாட்டுகளால் தன் காது, தூக்கம், ஆயுள் மூன்றும் குறைந்துவிட்டதாக ஓட்வார் கணக்குச் சொல்வார். ஆனால் ஒருநாள் விசியன் இரண்டாவது சரணத்தில் வரியை மறந்து நின்றபோது, மதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அதை எடுத்துக் கொடுத்தவர் ஓட்வார்தான். உச்சரிப்பு படுமோசம் என்று விசியன் பிறகு எங்களிடம் சொன்னார்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். ஊரிலுள்ள கடைகளிலேயே ஒற்றை வாளித் தண்ணீரில் தட்டுக் கழுவும் கடையாகப் பார்த்துச் சிப்பி ஆம்லெட் சாப்பிடுவார். பெர்கனில் இந்தக் கடையை இழுத்து மூட என் ஒரு கையெழுத்துப் போதும் என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது தட்டு கேட்பார். சுத்தமான கடைகளுக்கு அவர் போவதில்லை. அங்கே ருசி இல்லையாம்.

இப்படிப்பட்டவருக்குக் கிடைத்த வீடு, கடற்கரைச் சாலையிலிருந்து மூன்றாவது சந்தில் இருக்கும் பழைய மரவீடு. அதற்கு முன்னால் இருந்த அடுக்குமாடிகளை எல்லாம் லிஃப்ட், நீச்சல்குளத்து மோட்டார், மேல்வீட்டு ரஷ்யர் என்று ஒவ்வொரு காரணம் சொல்லிக் காலி செய்திருந்தார். இந்த மரவீட்டில் கூரை ஒழுகியது, ஜன்னல் மூடவில்லை, பல்லிகள் வாடகை கொடுக்காமல் குடியிருந்தன. ஆனால் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் நின்றால் இரண்டு பெரிய ஓட்டல்களுக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்குக் கடல் தெரியும். காலையில் அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அந்த ஒரு சாணைப் பார்ப்பார். சின்னதாக இருக்கிறது என்று அதையும் குறை சொல்வார். எங்கள் மேசையின் அனுபவத்தில், ஒருவர் தன் வீட்டைப் பற்றி எவ்வளவு புலம்புகிறாரோ அவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறார் என்று பொருள். ஓட்வாரை அந்த வீட்டிலிருந்து பிடுங்க வேண்டுமானால் மண்ணோடு சேர்த்துத்தான் பிடுங்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்காரி சமோன். சந்தையில் கருவாடும் காய்ந்த கணவாயும் விற்பவர். வீட்டைக் கொடுக்கும்போது ஓட்வார் யார், என்ன வேலை பார்த்தார், ஏன் தனியாக இருக்கிறார் என்று எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு வாக்குத்தான் கேட்டார். வாசலில் ஒற்றைத் தூணின் மேல், பொம்மைக் கோயில் போல நிற்கும் குட்டி வீட்டில் மனைச்சாமி இருக்கிறார். அந்த இடத்துக்கு உண்மையான சொந்தக்காரர் அவர்தான். தினமும் காலையில் அவருக்கு ஒரு பாட்டில் சிவப்புக் கலரைத் திறந்து, உறிஞ்சுகுழல் போட்டு வைக்க வேண்டும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் பூச்சரம். வாடகை தாமதமானால் பரவாயில்லை, கலர் தாமதமாகக் கூடாது என்றார் சமோன்.

ஓட்வாருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் விதிமுறையில் நம்பிக்கை உண்டு. இருபத்துச் சொச்சம் வருஷம் மற்றவர்களை விதிப்படி நடக்க வைத்தவர். ஒருநாள் தவறாமல் மூடியைத் திறந்தார், குழலைப் போட்டார், ஊதுபத்தி கொளுத்தினார். சந்திலிருந்த தாய்லாந்துக் குடும்பங்கள் எல்லாம் மழை என்றும் தலைவலி என்றும் தங்கள் சாமிகளுக்கு விடுப்புச் சொல்லிய நாட்களில்கூட ஓட்வார் குடையோடு நின்றார். கலர் வைக்கும்போது நார்வே மொழியில் ஒரு காலை வணக்கமும் சொல்வார். அக்கம்பக்கத்தில் அவர் குறை சொல்லாத ஒரே ஆள் அந்தச் சாமிதான்.

பிறகு எறும்பு வந்தது.

சிவப்புக் கலர் என்பது பாதி சர்க்கரை. அதைத் தேடி மதிலோரத்திலிருந்து ஒரு வரிசை கிளம்பித் தூணில் ஏறி, பாட்டிலைச் சுற்றிவிட்டு, திரும்பும் வழியில் ஓட்வாரின் சமையலறையையும் பார்த்துவிட்டுப் போனது. உத்தியோக காலம் முழுவதும் எறும்பை எதிரியாகவே பாவித்த மனிதர் அவர். தூணைச் சுற்றித் தண்ணீர்த் தட்டு வைத்தார், நாய் குடித்துவிட்டது. எறும்பு சாக்பீஸ் வாங்கித் தூணுக்கு ஒரு வளையம், மதிலுக்கு ஒரு கோடு, வாசல்படிக்கு இரண்டு கோடு என்று ஒரு கோட்டையே வரைந்தார். அதிலும் ஒன்றிரண்டு புத்திசாலிகள் மேலே தாண்டி வந்தன. கடைசியில் ஒருநாள் காலையில் முகமெல்லாம் மலர்ந்து மேசைக்கு வந்தார்.

பெரிய பல்பொருள் அங்காடியில் அதே நிறத்தில், அதே வாசனையில், சர்க்கரை இல்லாத கலர் கிடைக்கிறதாம். அதை வாங்கிப் பழைய பாட்டில்களில் ஊற்றி வைக்க ஆரம்பித்துவிட்டாராம். ஒரு வாரமாக ஓர் எறும்பு இல்லை.

வீட்டுக்காரிக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு?" என்றார் ஓட்வார். "பாட்டில் அதே பாட்டில். அந்தச் சாமி எத்தனை வருஷமா தினம் ஒரு பாட்டில் சர்க்கரைத் தண்ணி குடிக்குதோ, யாருக்குத் தெரியும். இந்நேரம் ஒரு பல்லு மிஞ்சியிருக்காது. நான் அதுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன்."

இது மழைக்காலத்துக்கு முன்னால் நடந்தது. மழை வந்தது, போனது, கடல்காற்று குளிர்ந்தது, ஐரோப்பாவிலிருந்து குளிருக்கு ஓடிவரும் கூட்டமும் வந்து இறங்கியது. ஓட்வாரின் வாடகை ஒப்பந்தம் முடியும் காலமும் நெருங்கியது. அதே சமயத்தில் பாங்காக்கிலிருந்து ஓர் இளம் ஜோடி சமோனைத் தேடி வந்து, அந்த மரவீட்டைத் தங்களுக்குக் கொடுத்தால் பூனைக் காப்பிக்கடை வைப்போம் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வருகிறவர்கள் காப்பி குடித்துக்கொண்டே பூனையைத் தடவலாம். உணவு பரிமாறும் இடத்தில் பூனையா என்று ஓட்வார் கொதித்தார். அந்தக் கொதிப்புக்கு அடியில் பயம் இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சமோன் ஒப்பந்தம் பேச வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். வந்தவர் வீட்டுக்குள் நுழையவில்லை. நேராக மனைச்சாமியிடம் போய்க் கும்பிட்டுவிட்டு, குனிந்து தூணைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், மறுபடி தூணைப் பார்த்தார்.

"எறும்பைக் காணோமே, ஓட்?"

"ஒண்ணுகூட இல்லை அக்கா," என்றார் ஓட்வார் பெருமையாக. சந்தில் யாருக்கும் அவர் பெயர் முழுசாக வாயில் வராது. ஓட் என்று வெட்டிவிட்டார்கள்.

"எவ்வளவு நாளா?"

"மழைக்கு முன்னாடியிருந்தே."

எப்படி என்று சமோன் கேட்டார். ஓட்வார் உள்ளே போய்ச் சர்க்கரை இல்லாத கலர்ப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டி, நல்ல சமையலறைக்குச் சான்றிதழ் கொடுக்கும் குரலில் எல்லாவற்றையும் விளக்கினார். எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. சமோன் முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார். இந்த ஊர்ச் சிரிப்புக்குப் பல அர்த்தம் உண்டு, அதில் ஆமாம் என்ற ஒன்றுதான் எங்களுக்குத் தெரியும். மற்றவை எல்லாம் பட்ட பிறகு புரிகிறவை.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சாமியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பதில் இல்லை. ஓட்வார் போனில் கேட்டால் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்பார். சந்தைக்கே போய்க் கேட்டால் ஒரு கணவாயைக் கையில் கொடுத்து, சாப்பிடுங்கள், அவசரப்படாதீர்கள் என்பார். இது பேரம்தான் என்று நினைத்து ஓட்வார் கூரையைத் தன் செலவில் சரிசெய்கிறேன் என்றார், வாசல் கேட்டுக்கு வர்ணம் அடிக்கிறேன் என்றார். அதெல்லாம் வேண்டாம் என்று சமோன் சிரித்தார். அதே சிரிப்பு.

ஓட்வார் குறை சொல்வதை நிறுத்தினார். முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. கடையில் கரண்டு போனது, மின்விசிறி நின்றது, அவர் வாயைத் திறக்கவில்லை. விசியன் விடிந்ததும் விடியாததுமாகப் பாடினாராமே என்று தூண்டிவிட்டுப் பார்த்தோம். நல்ல குரல் என்றார். ஒருநாள் நடைபாதை பரவாயில்லை என்று சொன்னார். ஊரை விட்டுப் போகிறவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள்.

அன்று அவரைத் தனியே விட மனமில்லாமல் வீடுவரை கூடப் போனேன். வாசலில் விசியன் மோட்டார் சைக்கிள்மேல் சாய்ந்து படுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"பெரியப்பா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"சாமியைப் பட்டினி போட்டுட்டு ஒப்பந்தம் வரலை, ஒப்பந்தம் வரலைன்னா எப்படி வரும்?"

"பட்டினியா? ஒருநாள் தவறாம வெச்சேனே."

"வெச்சீங்க, யார் இல்லைன்னா. எறும்பே வாய் வெக்காததைச் சாமி எப்படிக் குடிப்பாரு? எறும்பு வந்தாத்தான் அவர் சாப்பிட்டார்னு அர்த்தம். மழைக்கு முன்னாடியிருந்து மனுஷன் வெறும் வாயை மென்னுக்கிட்டு உக்காந்திருக்காரு."

பிறகுதான் சந்தின் பெரிய மனக்குறை வெளியே வந்தது. லாட்டரிக் குலுக்கலுக்கு முன்னால் சந்துக்காரர்கள் இந்த மனைச்சாமிக்கு முன்னால் எண் ஊதுபத்தி கொளுத்துவது வழக்கம். எரிந்து முடிந்த பத்தியில் தெரியும் எண்ணைப் பார்த்துச் சீட்டு வாங்குவார்கள். இந்த வட்டாரத்திலேயே கை ராசியான சாமி என்று பெயர். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து ஓர் எண்கூட விழவில்லை. விழாத சீட்டுகளை ஒட்டினால் இந்த மதிலுக்குச் சுண்ணாம்பே தேவைப்படாது என்றார் விசியன்.

"சந்துல எல்லாருக்கும் தெரியுமா?" என்று ஓட்வார் மெதுவாகக் கேட்டார்.

"சமோன் பெரியம்மா யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலை. அவங்க சொல்லாததெல்லாம் சந்துல எல்லாருக்கும் தெரியும்."

என்ன செய்யவேண்டும் என்பதற்கும் விசியனிடம் பதில் இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவும் பன்றித்தலை வைத்துக் கேட்க வேண்டும். வேகவைத்த முழுத்தலை, பழம், முட்டை, நிஜக் கலர். பத்தி எரிந்து முடியும்வரை எல்லாம் வெயிலில் சாமிக்கு முன்னால் இருக்கும். பிறகு எல்லோரும் பகிர்ந்து சாப்பிடவேண்டும். ஓட்வார் எவ்வளவு நேரம் வெயிலில் இருக்கும், வெயில் எந்த அளவுக்கு இருக்கும், மேலே ஏதாவது கண்ணாடி மூடி போடலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டார்.

"மூடி போட்டா சாமி எப்படிச் சாப்பிடுவாரு, பெரியப்பா?"

ஓட்வார் தலைகுனிந்தார். வீட்டுக்குப் பதிலாகச் சாமி கேட்டது அவருடைய உத்தியோகத்தை.

மறுவாரம் ஒரு காலையில் சந்தே அவர் வாசலில் கூடியிருந்தது. சமோன் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ஓட்வார் குறை வைக்கவில்லை. ஒரு பெட்டிக் கலரையும் திறந்து, ஒவ்வொன்றிலும் குழல் போட்டு, சிப்பாய்களைப் போல வரிசையாக நிறுத்தியிருந்தார். நடுவில் பன்றித்தலை கண்ணை மூடி, மனநிறைவோடு சிரித்துக்கொண்டிருந்தது. அங்கே கவலை இல்லாமல் இருந்த ஒரே முகம் அதுதான். ஏனென்றால் அன்று பிற்பகலில் பாங்காக் ஜோடி மறுபடி வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. அதைச் சமோன் மறைக்கவில்லை, வலியுறுத்தவும் இல்லை. சொன்னார், அவ்வளவுதான்.

ஓட்வார் மண்டியிட்டார். மூட்டு கடகடத்தது. எந்த மொழியில் பேசுவது என்று சமோனைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க பாஷையிலேயே சொல்லுங்க," என்றார் சமோன். "தினம் காலையில நீங்க பேசறதைக் கேட்டுட்டுத்தானே இருக்கார்."

அவர் நார்வே மொழியில் நெடுநேரம் பேசினார். என்ன சொன்னீர்கள் என்று பிற்பாடு கேட்டேன். முதலில் காரணங்களை விளக்கினாராம், பிறகு வருத்தம் தெரிவித்தாராம். அதிகாரியாக இருந்தவர், வரிசை மாறாது.

எல்லோரும் தூணைப் பார்த்தபடி காத்திருந்தோம். எறும்பு வரவில்லை. பத்தி பாதி எரிந்தது. வெயில் மதிலைத் தாண்டி இறங்கி, பன்றியின் நெற்றியில் உட்கார்ந்தது. ஈக்கள் வந்தன. ஓட்வார் தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஈயை நம்பிக்கையோடு பார்த்தார்.

"ஈ கணக்குல வராதா?"

"ஈ வராது," என்றார் விசியன் வருத்தத்தோடு.

பத்தி முடியப்போனது. சமோன் பாயைச் சுருட்டத் தொடங்கினார். அவருக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பேசிப் பார்க்கலாம். இன்றைக்கு அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். ஓட்வார் தூணின் அடியைப் பார்த்தார். அங்கே அவர் கையால் வரைந்த சாக்பீஸ் வளையம், ஒரு மழைக்காலத்து வெற்றி, வெள்ளை வெளேரென்று பளிச்சிட்டது. மழையில் கரையக் கரைய அவரே புதுப்பித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"கொஞ்சம் இருங்க அக்கா," என்று எழுந்தார்.

ஈரத்துணி கொண்டுவந்து மறுபடி மண்டியிட்டு வளையத்தைத் துடைத்தார். மதிலோரக் கோட்டைத் துடைத்தார். வாசல்படிக் கோடுகளைத் துடைத்தார். பிறகு விசியனிடம் சர்க்கரை கேட்டார். அவர் காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை, வீட்டில் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. விசியன் டப்பாவோடு வந்தார். ஓட்வார் அதை வாங்கிக்கொண்டு யாரையும் எதையும் கேட்காமல் நேராக விசியன் வீட்டு மதிலுக்குப் போய், கரோக்கிப் பெட்டியை நகர்த்தி, அதன் பின்னால் இருந்த விரிசலுக்கு முன்னால் குத்தவைத்தார். எறும்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலை. கண்டுபிடித்து ஒழிப்பார். இந்தமுறை ஒரு சிட்டிகை சர்க்கரையை விரிசல் வாசலில் வைத்துவிட்டு, அங்கிருந்து மதில்மேல், மதிலிலிருந்து தரையில், தரையிலிருந்து தூணுக்கு என்று பொடிப் பொடியாகக் கோடு இழுத்துக்கொண்டு பின்வாக்கில் தவழ்ந்தார். தொப்பி விழுந்தது. எடுக்கவில்லை.

கூட்டத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. திருப்பத்தில் கொஞ்சம் கூடப் போடுங்கள் என்றார் ஒருவர். நாய் நக்கிவிடப் போகிறது என்று இன்னொருவர் நாயைப் பிடித்துக்கொண்டார். சமோன் சுருட்டிய பாயைக் கக்கத்தில் வைத்தபடி நின்று பார்த்தார்.

முதல் எறும்பு வெளியே வந்தது. சர்க்கரையைத் தொட்டது, சுற்றியது, திரும்பி உள்ளே போய்விட்டது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு.

"போகட்டும், போகட்டும்," என்றார் ஓட்வார், தரையில் படுத்தவாக்கில். "ஆள் கூட்டிட்டு வரப் போயிருக்கு."

கூட்டிக்கொண்டுதான் வந்தது. வரிசை மதிலேறி இறங்கி, திருப்பத்தில் கொஞ்சம் தடுமாறி, தூணின் அடிக்கு வந்து மேலே ஏறியது. ஒன்று குழலின் நுனியில் நின்றது. இன்னொன்று பன்றியின் காதுக்குள் போனது. விசியன் தலைக்குமேல் கைகூப்பினார். பத்தியில் கடைசிச் சாம்பல் உதிர்ந்தது.

ஓட்வார் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அவர் நேர்மை அவரை அப்போதும் சும்மா விடவில்லை.

"அக்கா, இது சாமியா வரவழைச்சது இல்லை. நான்தான் கூட்டிட்டு வந்தேன். எல்லாரும் பாத்தாங்க."

சமோன் பாயை மறுபடி விரித்தார். "வாசல்ல கோடு போட்டு நிறுத்தினது நீங்கதானே, ஓட். அப்ப நீங்கதான் போய்க் கூட்டிட்டு வரணும். அதுக்கும் சாமியா வருவார்?"

பிறகு கத்தியை எடுத்து, பன்றியின் இடது காதை, அதுதான் விசேஷமான பாகம், அறுத்துத் தட்டில் வைத்து அவரிடம் நீட்டினார். சந்து முழுவதும் பார்த்தது. காது வெயிலில் இருந்தது, ஈ உட்கார்ந்தது, எறும்பு உள்ளே போய் வெளியே வந்தது, எல்லாம் அவர் கண்ணெதிரே நடந்தவை. அந்த முகத்தில் பெர்கன் நகராட்சி முழுவதும் ஒரு கணம் வந்து போனது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். கண்ணைத் திறந்து, இதற்குத் தொட்டுக்கொள்ளக் காரச் சாறு ஒன்றும் இல்லையா என்று கேட்டார். அதோடு வலது காதும் போயிற்று.

அவருக்கு வயிற்றில் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வயிறு கெட்டது எனக்குத்தான். முந்தின நாள் சுத்தமான ஓட்டலில் சாப்பிட்டதன் பலன் என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

பூனைக் காப்பிக்கடை ஜோடிக்குச் சமோன் வேறு சந்தில் ஓர் இடம் பார்த்துக் கொடுத்தார். ஓட்வாரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. எண் ஊதுபத்தியில் ஓர் எண் தெளிவாகத் தெரிந்து, சந்தே அதை வாங்கியது, விழவில்லை. விசியனுக்கு அதில் வருத்தமில்லை. இவ்வளவு நாள் பட்டினி கிடந்தவர், முதலில் கொஞ்சம் தெம்பு வரட்டும் என்றார்.

ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் காலையில் ஓட்வார் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ரொட்டியில் எறும்பு. பல் துலக்கும் பிரஷ்ஷில் எறும்பு. தலையணை உறைக்குள் எறும்பு. விசியன் நாலாவது பாட்டு ஒன்று கற்றுக்கொள்கிறார், அதுவும் தப்பாக. நடைபாதையில் இப்போது வறுத்த வாழைப்பழத்துக்கு எதிரில் வறுத்த மரவள்ளியும் வந்துவிட்டது. மனிதன் நடக்க வேண்டாமா? எங்கள் எல்லோருக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இன்னொரு காப்பி சொன்னோம்.

அப்போது மேசையில் புதிதாக ஒரு டச்சுக்காரர் இருந்தார். நேற்று வந்து இறங்கியவர், இன்னும் எல்லாமே அழகாகத் தெரியும் கட்டம். ஓட்வார் படும் பாட்டைக் கேட்டு மனம் இளகி, தான் குடியிருக்கும் அடுக்குமாடியில் பதினோராவது மாடியில் ஒரு வீடு காலியாக இருக்கிறது, எறும்பு என்ற பேச்சே கிடையாது, முழுக் கடலும் தெரிகிறது என்றார்.

ஓட்வார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பதினோராவது மாடியிலயா? அங்க சாமியை எங்க வெக்கறது?"

சொல்லிவிட்டு, மேசை நடுவில் காப்பிக்கு வைத்திருந்த தட்டிலிருந்து சர்க்கரைப் பொட்டலங்கள் இரண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.